ஒரு ரூபாய், மூன்று அளவு

நெசவு ஊரான பிள்ளையார்பாளையத்தில், வீட்டில் பசங்களுக்காக ஆர்கேட் கேம் பெட்டி செய்கிறேன். காசு வாங்கும் கருவிதான் சவால். 1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ.; 2011-இல் வந்தது சுமார் 22; 2019-இல் 20. விட்டம், கனம், உலோகம் பார்க்கும் கருவிக்கு மூன்றும் மூன்று காசு. அதனால் ஒரே அளவில் வரும் 27 மி.மீ. பத்து ரூபாயைக் கருவி ஒப்பிடும் மாதிரியாக வைத்தேன்.

கருவிக்கும் விளக்குக்கும் 12 வோல்ட், கேம் போர்டுக்கு 5 வோல்ட். இரண்டின் நெகட்டிவும் சேர்ந்திருந்தால்தான் காசு விழுந்த சிக்னல் போகும். 12 வோல்ட் தப்பி போர்டில் பட்டால் போர்டு காலி. வயரை நிறம் பிரித்துப் போடுங்கள். நெசவு ஊரில் அதைச் சொல்லவா வேண்டும்!

பெட்டியில் சேரும் காசு கடையில் செல்லுமா? பத்து ரூபாய் நாணயம் 14 வடிவமைப்புகளில் இருந்தாலும் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. கடைக்கார அண்ணாச்சிகளே, தயங்காமல் வாங்குங்கள்.