புகையும் பொறுப்பும்

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டீசலின் வாடை தாய்வீட்டு வாடை போன்றது. இராயபுரத்தில் கண்விழித்தால் காசிமேட்டு விசைப்படகுகளின் ஓசை; திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வந்தால் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல்; எண்ணூர் வரை சென்றாலோ லாரிகளைச் செய்து அனுப்பும் ஆலையே அங்கு இருக்கிறது. படகையும் லாரியையும் பட்டறையையும் நம்பி அடுப்பெரித்த குடும்பங்கள் நம்மவர்களிலும் பல உண்டு. ஆகவே, அன்றாடம் ஓட்டுவதற்குப் பழைய டீசல் கார் நல்லதா, புதியது நல்லதா என்ற கேள்வி எங்கள் பகுதித் தேநீர்க் கடைகளில் எழுந்தால் விவாதம் நெடுநேரம் நீள்வதில்லை. "பழசு மாதிரி வராது" என்று யாராவது ஒருவர் சொல்லி முடித்து விடுவார். அந்தச் சொல்லில் உண்மை எவ்வளவு, பழக்கத்தின் பாசம் எவ்வளவு என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

மோட்டார்த் தொழில் எங்கள் கடற்கரைக்கு வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பெற்று, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்கள் பூட்டப்பட்டன. 1955-இல் அது அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பேர் பெற்றது. அதே 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. பின்னாளில் 325 சி.சி. டீசல் எஞ்சின் பூட்டிய 'டாரஸ்' மோட்டார் சைக்கிளையும் விற்றது. இவ்வளவு இருந்தும் காருக்குள் டீசல் எஞ்சின் புகுந்தது தாமதமாகத்தான். ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் 1936-இலேயே டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்து விட்டது. நம் நாட்டில் 1980-இல் டீசல் அம்பாசடர் வந்த பிறகே சாதாரண மக்கள் அதைக் கண்டார்கள்.

அந்த அம்பாசடர் ஒன்றை 1980களின் நடுவில் என் தாய்மாமா வாங்கினார். திருமணங்களுக்கும் நாகூர்ப் பயணங்களுக்கும் வாடகைக்கு ஓட்டுவது அவர் தொழில். 1489 சி.சி. அளவுள்ள அந்த எஞ்சினின் வலிமை 37 குதிரைத்திறன்தான். ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியையும், அதற்குள் அடைந்து அமர்ந்த ஒன்பது பேரையும், கூரைமேல் கட்டிய பிரியாணி தேக்சாவையும் அது எவ்வாறு இழுத்தது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பே. காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். கிளம்பியவுடன் தெருவே அதிரும். பின்னால் ஒரு கரிய மேகம் எழும். ஆனால் பெட்ரோல் வண்டி ஒரு லிட்டரில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் ஓடிய இடத்தில் இது பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் ஓடியதாக மாமா தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். வாடகைக் கார்க்காரருக்கு அந்த நான்கு கிலோமீட்டரே இலாபம்.

அந்த எஞ்சினின் அமைப்பு எளிமையானது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது கொதித்துப் போகும். அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். பழைய கார்களில் இந்தத் தெளிப்பு, சிலிண்டருக்கு மேலுள்ள ஒரு சிறு அறைக்குள் சில நூறு பார் அழுத்தத்தில் நடந்தது. எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதை ஒரு பம்ப்பின் பற்சக்கரங்களும் சுருள்வில்லுமே தீர்மானித்தன. மின்மூளை ஒன்றும் இல்லை. குழாயில் காற்றுப் புகுந்து வண்டி நின்றால், ஓர் ஸ்பேனரைக் கொண்டு திருகைத் தளர்த்தி, கையாலேயே பம்ப் அடித்துக் காற்றை எடுத்துவிட்டுக் கிளம்பலாம். இராயபுரத்துப் பட்டறைக்காரர் எவரும் நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். பழசு மாதிரி வராது என்பவர்கள் நினைவில் கொள்வது இந்த எளிமையைத்தான். அது பொய்யன்று.

பிறகு காலம் மாறியது. 1998-இல் டாட்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய இண்டிகா, சிறு குடும்பத்துக்கும் டீசல் கார் கட்டுப்படியாகும் என்று காட்டியது. அதுவும் பழைய முறைத் தெளிப்பே. 1997-இல் ஐரோப்பியக் கார்களில் தோன்றிய 'காமன் ரெயில்' முறை, 2000களின் தொடக்கத்தில் இங்கும் வந்தது. டீசலை ஒரு பொதுக் குழாயில் பேரழுத்தத்தில் தேக்கி வைத்து, கணினியின் கட்டளைப்படி ஒரே சுழற்சியில் பலமுறை துளித்துளியாகத் தெளிப்பது இதன் நுட்பம். இன்றைய கார்களில் அந்த அழுத்தம் 1,600 பார், 2,000 பார் எனச் செல்கிறது. துளி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நன்றாக எரியும். சத்தமும் குறையும், இழுவையும் கூடும். 2007 முதல் ஸ்விஃப்ட் காரில் வந்த 1248 சி.சி. எஞ்சின் 75 குதிரைத்திறன் தந்தது. அம்பாசடரை விடச் சிறிய எஞ்சினில் இருமடங்கு வலிமை! அக்காலத்தில் டீசல் விலையும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருந்ததால், தேவை உள்ளவரும் இல்லாதவரும் டீசல் கார் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2024-இல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலும், டீசல் 92 ரூபாய் அளவிலும் விற்றன. எட்டு ரூபாய் வேறுபாட்டுக்காக டீசல் கார் வாங்குவோர், விலையில் கூடுதலாகத் தந்ததை மீட்கவே பல ஆண்டுகள் ஓட்ட வேண்டும்.

எஞ்சின் மாறிய கதையோடு எரிபொருள் மாறிய கதையும் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் நம் டீசலில் பத்து இலட்சம் பங்குக்கு 10,000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அது வெறும் 10 பங்கு. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது! எங்கள் பக்கத்திலுள்ள மணலியில் 1969 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இதற்காகவே தன் சாதனங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கந்தகம் மிகுந்த டீசல், புகையைத் தூய்மையாக்கும் கருவிகளைக் கெடுத்துவிடும். டீசல் தூய்மையான பிறகே அந்தக் கருவிகளைக் காரில் பொருத்த முடிந்தது.

அவற்றில் முதன்மையானது, புகைக்குழாயில் வைக்கப்படும் புகைச்சல்லடை. தேன்கூடு போன்ற அதன் நுண்ணறைகள் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாரத் ஸ்டேஜ் 4 விதியில் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம். 6-ஆம் விதியில் 4.5 மில்லிகிராம்தான். இவ்வளவு குறைவு சல்லடையின்றி இயலாது. ஆனால் பிடித்த கரியை எங்கே போடுவது? சல்லடை நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி, வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரித்துவிடுகிறது. அதற்குக் கால்மணி நேரம், இருபது நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, நான்கு கிலோமீட்டரில் அலுவலகத்தை அடைந்து வண்டியை அணைப்பவருக்கு அந்த வாய்ப்பு ஏது? எரிப்பு பாதியில் நின்றால், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதைப் பொருட்படுத்தாவிடில் சல்லடையையே மாற்றும் செலவு வருகிறது. எங்கள் உறவினர் ஒருவருக்கு வாங்கிய ஓராண்டிலேயே இந்த விளக்கு எரிந்தது. விற்றவர்கள் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அவருடைய வருத்தம்.

சென்ற ஆண்டு என் மருமகன் இதே கேள்வியோடு வந்தார். வீடு இராயபுரத்தில், வேலை துறைமுகத்தருகே. "மாமா, 2012-இல் வந்த டீசல் கார் ஒன்று மலிவாக வருகிறது. சல்லடை இல்லாத வண்டி, தொல்லையே இல்லை என்கிறார்கள்" என்றார். உடன் வந்த மெக்கானிக்கும், "பாய், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. உரிமையாளருக்குத் தொல்லை இல்லைதான். நான் எண்ணியது வேறு. அந்தக் கரித்துகள் சல்லடையில் சேரவில்லை என்றால் எங்கே சேர்கிறது? எங்கள் தெருவின் அகலம் பத்தடி. காரின் புகைக்குழாய் இருக்கும் உயரத்தில்தான் என் நான்கு வயதுப் பேத்தியின் முகமும் இருக்கிறது. மழைக்காலத்தில் அவளுக்கு இரைப்பு வரும்; எதிர்வீட்டுச் சிறுவனுக்கும் வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக அறிவித்திருக்கிறது.

பழைய எஞ்சினின் செலவைத் தெருவார் தம் நுரையீரலால் செலுத்தினார்கள். புதிய எஞ்சினின் செலவை உரிமையாளர் தம் பணப்பையால் செலுத்துகிறார். பழசில் தொல்லையில்லை என்று நாம் சொல்லும்போது, இந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கிறோம். நம் வீடுகளில் உம்மாமார் சொல்வதுண்டு: நம் சட்டியின் மணம் கூட அண்டை வீட்டாருக்கு ஏக்கம் தரக்கூடாது, ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பு என்று. மணத்துக்கே அவ்வளவு கணக்கென்றால் புகைக்கு எவ்வளவு?

புதியது முற்றிலும் தூயது என்று நான் வாதிடவில்லை. சோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும்படி கணினிக்குக் கற்றுக்கொடுத்து ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2015-இல் பிடிபட்டதை உலகம் அறியும். நாம் வாங்கும் புகைச் சான்றிதழும் டீசல் வண்டியில் கண்ணுக்குப் புலப்படும் கருமையைத்தான் அளக்கிறது. மேலும், வடசென்னைக் காற்றைக் கெடுப்பவை நம் கார்கள் மட்டுமல்ல. லாரிகளும் அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் அதில் பெரும் பங்கு கொண்டவை. ஆயினும் ஆலையின் புகைபோக்கி உயரத்தில் இருக்கிறது. நம் காரின் குழாயோ நம் வாசலில் இருக்கிறது. அதன் சாவியும் நம் கையில் இருக்கிறது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: நாளுக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் மட்டும் நகருக்குள் ஓட்டுபவருக்குப் பழைய டீசலும் வேண்டாம், புதிய டீசலும் வேண்டாம், சிறிய பெட்ரோல் கார் போதும். அவரும் அவ்வாறே வாங்கினார். நாள்தோறும் திருப்பெரும்புதூர் வரை செல்பவருக்கும், வாரந்தோறும் நெல்லூர் செல்லும் வியாபாரிக்கும் புதிய டீசல் பொருந்தும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் சல்லடை தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். அத்தகைய கார் உள்ளவர்கள் விளக்கு எரிந்தால் உடனே வண்டியை அணைக்காமல் நீண்ட சாலையில் சற்று ஓட்டிவர வேண்டும். கையேட்டில் குறித்த குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்ற வேண்டும். சல்லடையைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை சொல்பவரை நம்பக்கூடாது. பழைய டீசல் காரை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள் நாசிலையும் காற்று வடிகட்டியையும் காலம் தவறாமல் பார்த்துவந்தால் கரும்புகை பெருமளவு குறையும்.

காசு செலவில்லாத ஒன்று எல்லோருக்கும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும், ஜும்ஆ முடிந்து வருவோரை ஏற்றிக்கொள்ள நிற்கும்போதும், ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டபடி அமர்ந்திருக்கிறோம். அந்தப் பத்து நிமிடம் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கினால் போதும். எங்கள் ஊரில் கடற்காற்றுக்குப் பஞ்சமில்லை.