மூன்று கம்பிகள்

2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டமையால், பழைய யப்பானிய மோட்டார் வண்டியே எனக்குத் துணையாயிற்று. அதன் எந்திரத்தை ஆளும் கணினி பழுதடைய, வேறொன்றை நானே பொருத்தினேன்.

ஒரு மாலை இரத்தோட்டை மலைப்பாதை வளைவிற் கிளச்சை மிதித்ததும் எந்திரம் அணைந்தது. சுக்கான் கனத்தது, தடைமிதியும் இறுகிற்று. அருகே அன்னையார். ஒருவாறு ஓரங்கட்டினேன்.

பிழை என்னுடையதே. வண்டி நிற்கையிற் காற்றளக்கும் வால்வுக்கு மூன்று கம்பிகள். நடுக்கம்பிக்குப் பற்றறியின் 12 வோல்ற்று. ஏனைய இரண்டில், ஒன்றன் சுருள் காற்றுவழியைத் திறக்கும், மற்றதன் சுருள் மூடும். அவ்விரண்டையும் மாற்றிப் பூட்டியிருந்தேன். வேகம் தாழக் கணினி காற்றுக் கேட்டது, வால்வோ மூடிற்று.

சுற்றை இணைக்குமுன் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொடருமாறு நம் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் பணித்தது அன்றிரவே நினைவுக்கு வந்தது. மறுநாள் அவ்வாறே செய்தேன்; எந்திரம் சீராயிற்று. தம்பிமாரே, அப்பாடத்தை நான் கற்றது வகுப்பறையிலன்று, அவ்வளைவிலேயாம்.