பத்து ரூபாய் டிக்கெட்

23 மார்ச் 2020

பயணிகள் ரயில் எதுவும் ஓடாது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். 1853-இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் வண்டி ஓடியதிலிருந்து நாடு முழுக்க இப்படி ஒரேயடியாக நின்றதில்லை. கொரோனா நோய்க்கு அஞ்சி நிறுத்தியது சரிதான். ஆனால் நின்றவற்றில் எது திரும்பி வருகிறது, எது வராமல் போகிறது என்று கணக்கு வைக்க ஓர் ஆள் வேண்டும். அதற்காகவே இந்த நோட்டு. கணக்கை அரியலூரிலிருந்து தொடங்குகிறேன். வரைபடத்தில் அது விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் நடுவழி நிலையம். மேற்கே முப்பது கிலோமீட்டரில் இருக்கும் பெரம்பலூருக்கோ தண்டவாளமே கிடையாது. 1995-இலேயே மாவட்டத் தலைநகரான ஊர் அது. அந்த ஊர்க்காரருக்கு ரயில் அரியலூரோடு முடிகிறது. மிச்சத் தூரம் பஸ்தான்.

29 மார்ச்

சரக்கு ரயிலுக்குத் தடையில்லை.

25 பிப்ரவரி 2021

தேவையில்லாத பயணத்தைக் குறைக்கவே குறுகிய தூர வண்டிகளில் கட்டணம் சற்றுக் கூடுதல் என்று ரயில்வே அமைச்சகம் விளக்கம் தந்திருக்கிறது. அந்த ‘சற்று’தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பாசஞ்சர் வண்டிகள் ‘சிறப்பு ரயில்’ என்ற பெயரில் எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு திரும்பியிருக்கின்றன. பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாக இருந்தது, எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் 30. அரியலூரில் ஏறிச் சில்லக்குடியில் இறங்குகிறவருக்கும் இனி அதே 30தான். போகவர நாளுக்கு 40 ரூபாய் கூடுதல். மாதம் 25 நாள் என்றால் ஆயிரம் ரூபாய். சீசன் டிக்கெட் எடுப்பவருக்கு இந்தக் கவலை இல்லையே என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். கொத்தனாரோடு போகும் சித்தாளுக்கு நாளை வேலை உண்டா என்பதே இன்று மாலைதான் தெரியும். அவர் எந்த நம்பிக்கையில் ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டுவார்? திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோகிறவர் சீசன் எடுப்பாரா? தேவையில்லாத பயணம் செய்கிறவர் இவர்களில் யார்? கட்டணத்தை ஏற்றினால் பயணம் குறையும் என்பது உண்மைதான். முதலில் குறைவது கையில் காசில்லாதவரின் பயணம், அவசியமற்ற பயணமல்ல.

3 மார்ச்

நேற்றெல்லாம் வெறும் கோபம். எழுத ஒன்றுமில்லை.

23 நவம்பர் 2021

‘சிறப்பு ரயில்’ என்ற பெயரை இந்த மாதம் எடுத்துவிட்டார்கள். பாசஞ்சர் கட்டணம் மட்டும் இறங்கவில்லை. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் மே மாதம் முதல் டிக்கெட் இல்லையே, பிறகு ரயிலுக்கு ஏன் அழ வேண்டும் என்பது வலுவான கேள்வி. அது நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அரியலூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அது புறநகர் பஸ் ஓடும் தூரம், அங்கே இலவசம் கிடையாது. பெரம்பலூர்க்காரர் நெடுஞ்சாலையில் நின்றால் திருச்சி பஸ் கிடைக்கும், சரி. சில்லக்குடி போன்ற ஊர்களுக்கு நெடுஞ்சாலை எங்கே?

இன்று அரியலூர் விபத்தின் நினைவு நாள். 1956-இல் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டார். பாலத்தை அவர் கட்டவில்லை, வண்டியையும் ஓட்டவில்லை. அந்த வண்டியில் இருந்தவர்கள் தன் கணக்கில் வருகிறவர்கள் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

11 ஜூன் 2022

பாசஞ்சர் நஷ்டத்தில் ஓடுகிறது என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். இதே தடத்தில் சிமென்ட்டும் நிலக்கரியும் வருமானம் தருகின்றன. அந்தச் சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக் கல் இந்த மண்ணைத் தோண்டி எடுத்தது. லாரிப் புழுதியைச் சுவாசிப்பதும் இந்த ஊர்கள்தான். மண்ணின் வரவை ஒரு பேரேட்டிலும் மக்களின் செலவை இன்னொரு பேரேட்டிலும் எழுதினால் நஷ்டம்தான் தெரியும்.

28 பிப்ரவரி 2024

கட்டணம் மறுபடி 10 ரூபாய் ஆகியிருக்கிறது. வண்டிகள் நின்றதிலிருந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். நோய்க்காலத்தில் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை இன்னும் திரும்பவில்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகத் துறையூர், நாமக்கல் வரை பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை கோரிக்கையாகவே இருக்கிறது. பெரம்பலூர்க்காரர் இன்றும் அரியலூரில் இறங்கித்தான் பஸ் ஏறுகிறார்.