பற்சக்கரம் கற்பித்த பாடம்

புளியந்தோப்பில் எம் தந்தையார் சிறியதொரு கடைசற் பட்டறை நடத்தி வருகின்றார். அண்மையில் ஆங்குள்ள பழைய பொறியொன்றின் பற்சக்கரம் முறிந்தது. அதனைச் செய்த அயல்நாட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டு நெடுநாளாயிற்று. முன்னெல்லாம் இத்தகைய உறுப்புக்குக் கப்பல் வருங்காறும் காத்திருப்பர். யாமோ, முறிந்த சக்கரத்தை அளந்து, கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் நைலான் கொண்டு ஓரிரவில் அதனைச் செய்தோம்.

பொருளுக்கு மாறாக அதன் வரைவே பயணஞ் செய்யுங் காலமிது. 2014ஆம் ஆண்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு ஒரு ஸ்பானரின் வரைவே அனுப்பப்பெற்று, ஆங்கே அச்சிடப்பட்டது. 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று எழுந்த சென்னை அக்னிகுல் நிறுவனத்து ராக்கெட்டின் எஞ்சினும் ஒரே துண்டாய் அச்சிடப்பெற்றதே. இவற்றைப் பெருமிதத்துடன் தந்தையாரிடம் கூறினோம்.

“உறுப்புக்கள் கப்பலில் வாராவாயின், துறைமுகத்தில் சுமை இறக்குவோனும் பட்டறையிற் கடைவோனும் யாது செய்வர்?” என்றார் அவர். அருகே 1996இல் மூடப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையை நினைந்தனர் போலும். எமக்கு விடை கூற நாவெழவில்லை.

மறுநாள் எமது சக்கரம் ஓடாது திணறிற்று. தேய்ந்த பற்களைத் தேய்ந்தவாறே அளந்திருந்தோம்! தந்தையார் இணைச்சக்கரத்தை விரலால் தடவி, தேயுமுன் இருந்த அளவைக் கூறினார். அவ்வளவின்படி செய்த இரண்டாஞ் சக்கரம் இனிது சுழன்றது.

வரைவு நொடியிற் கடல் கடக்கும்; கைப்பழக்கமோ ஒருவர் அருகிருந்து கற்பித்தாலன்றி வாராது. ஆதலின், மாணவ நண்பர்காள், புதுப்பொறி பயிலும் நாம் அதனருகே பழைய கைகளுக்கும் ஓரிடம் வைப்போமாக.