காய்ச்சல் நாலு நாளில் போச்சு... மூட்டுவலி ஏன் போகலை?

சிக்கன் சாப்பிட்டால் சிக்குன்குனியா வரும் என்று பயந்து, 2006-ல் கோழிக்கறியை நிறுத்திய வீடுகள் உண்டு. கோழிக்கும் இந்த நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1952-ல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்தக் காய்ச்சல் பரவியது. மூட்டுவலியால் நிமிர முடியாமல் மக்கள் வளைந்து நடந்தார்கள். 'வளைந்துபோவது' என்று பொருள்படும் அங்குள்ள மகோண்டே மொழிச் சொல்தான் நோயின் பெயரானது.

சென்னைக்கு அது 1964-லேயே வந்துபோனது. மீண்டும் பெரிதாகத் தாக்கியது 2006-ல். அந்த ஆண்டு இந்தியா முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டது. 'காய்ச்சல் போயிடும், வலி வருஷக்கணக்குல இருக்கும்' என்ற பேச்சு அதன்பிறகு வீட்டுக்கு வீடு நிலைத்துவிட்டது.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால், அதை மட்டுமே நம்பியதால் அம்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் ஒன்றரை வருடத்தை இழந்திருக்கிறார்.

'குனியா வந்த உடம்பு... அப்படித்தான்!'

அவருக்கு 43 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனையில் சிக்குன்குனியா உறுதியானது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. விரல்களிலும் மணிக்கட்டிலும் வீக்கம் மட்டும் வற்றவில்லை.

காலையில் எழுந்ததும் கை மடங்காது. குக்கர் மூடியைத் திருகித் திறக்க மகள் வர வேண்டும். புடவைக்குப் பின் குத்த முடியாமல் சுடிதாருக்கு மாறினார். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக ஏறுவதற்குள் மின்சார ரயில் கிளம்பிவிடும். தாமதமானால் வேலையிடத்தில் பேச்சு கேட்க வேண்டும்.

காய்ச்சல் அடித்தபோது சுக்குக் கஷாயம் போட்டுக்கொடுத்த மாமியாரே மூன்று மாதம் கழித்து, "ஊர்ல யாருக்கும் வராததா உனக்கு வந்துடுச்சு?" என்றார். வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். வலியை யாரிடம் காட்டுவது? கொஞ்ச நாளில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே நாலு மாத்திரை சேர்த்த பொட்டலம் கிடைத்தது. போட்ட அன்றே வலி பறந்தது. சில மாதங்களில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் ஸ்டீராய்டு எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் உயரும், எலும்பு வலுவிழக்கும். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

ஒரே ஒரு கேள்வி

கடைசியில் மூட்டு மருத்துவரிடம் போனபோது, அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "காலையில எழுந்ததும் எவ்வளவு நேரம் கை மடங்காம இருக்கு?"

ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்று பதில் வந்தது. தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். அதைத் தாண்டி நீடித்தால், மூட்டுக்குள் அழற்சி இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி. பரிசோதனைகள் எடுத்தார்கள். முடிவு: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம்.

அவருக்குச் சிக்குன்குனியா வந்தது உண்மை. ஆனால், மாதக்கணக்கில் நீடித்த வலிக்கு வேறு பெயர் இருந்தது, வேறு மருந்தும் இருந்தது. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குவதுதான் முடக்குவாதம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். எல்லாப் பழியையும் பழைய காய்ச்சல் மேல் போட்டுவிட்டால், அந்த நேரம் கைநழுவிப்போகும்.

எழுதிவைத்த அம்மா

இதேபோல் ஒரு கதை அமெரிக்காவிலும் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 1970-களில் பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. 'சிறுவர்களுக்கு வரும் ஆர்த்ரைட்டிஸ்' என்றார்கள். பாலி முர்ரே என்ற தாய் அதை ஏற்கவில்லை. தன் குடும்பத்தினரின் அறிகுறிகளை எழுதிவைத்து, 1975-ல் மாநில சுகாதாரத் துறைக்குச் சொன்னார். மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராய்ந்தார். உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியாதான் காரணம் என்பது 1980-களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஊரின் பெயரே நோய்க்கும் வந்து 'லைம் நோய்' ஆனது. பெரும்பாலானோருக்கு ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிறது.

சிக்குன்குனியா வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் உதவாது. ஆனால், அந்தத் தாய் செய்ததை நாமும் செய்யலாம். எந்த மூட்டு, எத்தனை மணி வரை இறுக்கம், என்ன மாத்திரை போட்டோம் என்று பத்து நாள் எழுதிக்கொண்டு போனால், டாக்டருக்கு அது பெரிய உதவி.

எப்போது போக வேண்டும்?

சிக்குன்குனியா வந்த பலருக்குச் சில வாரங்களில் மூட்டுவலி குறைந்துவிடும். மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட நிலை. அப்போதும் வீக்கமும் காலை இறுக்கமும் இருந்தால் ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். ஆவடி, அம்பத்தூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு, சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது.

காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள், ரத்தக்கசிவு அபாயம் உண்டு. இரண்டு நோய்களையும் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுதான். லாரித் தண்ணீர் பிடித்துவைக்கும் நீல டிரம்மிலும், மாடியில் கிடக்கும் பழைய டயரிலும் அது முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி, மூடிவைக்க வேண்டும்.

அம்பத்தூர் பெண்ணுக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். முடக்குவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒருமுறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மகள் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். வலி முழுதாகப் போகவில்லை. காலை இறுக்கம் இப்போது இருபது நிமிடம். விட்ட வேலைக்கு மறுபடி போகிறார். மாவு கரைக்கும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார், யாரும் கேட்காமலே.