சத்தம் போடாத வண்டி

பொத்தானை அழுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் பிள்ளை மெதுவாகக் கிட்டே வந்து, "அப்பா, முதல் தடவையே ஸ்டார்ட் ஆயிடுத்து. இப்ப நீங்க அணைச்சுட்டேள்" என்றான்.

நாற்பது வருஷம் மோட்டார் ஓட்டியவனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? உறுமாத வண்டியைக் கிளம்பிய வண்டி என்று எப்படி நம்புவது? என் பழைய அம்பாஸடர் காலையில் கிளம்பினால் தெரு முழுவதற்கும் தெரியும். எதிர் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதாகச் சொல்லுவார். இதுவோ பூனை மாதிரி நிற்கிறது. என் மனைவி உள்ளேயிருந்து தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள்: "பேசாத மனுஷருக்குப் பேசாத வண்டி. பொருத்தம் சரியாத்தான் இருக்கு."

இது நடந்தது 2023ஆம் வருஷம், ஆனி மாதத்தில். பிள்ளை வாங்கிய மின்சாரக் கார் அது. அடுத்த வாரம் கோவில்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு விசேஷம். போகவர இருநூறு கிலோமீட்டர். அதை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் வந்தது. துணைக்குப் பாயைக் கூப்பிட்டேன்.

பாயை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கீழவாசல் பக்கத்தில் ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை. என் அம்பாஸடருக்கு முப்பது வருஷம் அவர்தான் வைத்தியர். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சின்மீது வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "மூணாவது வால்வு சரியா உக்காரல சார்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். அம்பாஸடர் உற்பத்தியே 2014இல் நின்றுபோன பிறகும் என் வண்டி ஓடிற்று என்றால் அது அந்தக் காதின் மகிமை.

நான் கூப்பிட்டவுடன் அவர் சம்மதித்துவிட்டார். கோவில்பட்டியில் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரே சொன்னார்.

"பேரன் பன்னெண்டு முடிச்சுட்டான் சார். பட்டறையில உக்காரணும்னு நிக்கிறான். அவன் அத்தா வேணாங்கறான். இந்தக் கரண்டு வண்டி வந்துட்டா பட்டறை எல்லாம் மூடிருவாங்களாம்ல? நான் ஒரு தடவ உக்காந்து பாத்துட்டா அவனுக்கு என்ன சொல்றதுன்னு தெரிஞ்சுபோகும்."

எனக்கு அது ஒரு சவாரி. அவருக்கோ ஒரு தீர்ப்பு.

புறப்படுமுன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர்கள் ஓடின. அந்த நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு: உயர் வோல்ட் மின்சாரம் ஓடுகிற ஒயர், பயிற்சி இல்லாதவன் தொடக்கூடாது. இதை நான் சொன்னதும் பாய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பிறர் வீட்டுக் கூடத்தில் நிற்பவர்போல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்த எஞ்சின் முன்னால் அந்தக் கைகள் சும்மா இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

திருமங்கலம் தாண்டியபோது எனக்குப் பயம் போய், உற்சாகம் வந்துவிட்டது. மிதித்தால் அந்தக் கணமே பாய்கிறது. பெட்ரோல் எஞ்சின் வேகம் பிடித்த பிறகுதான் முழுப் பலத்தையும் காட்டும்; மின்சார மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் தந்துவிடுகிறது. அதனால் கியர் மாற்றுகிற வேலை கிடையாது, கிளச்சும் கிடையாது. என் இடது கால் மட்டும் பழக்க தோஷத்தில் இல்லாத கிளச்சைத் தேடிக்கொண்டே வந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த விசையை மறுபடி மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது.

"அப்ப பிரேக்கு தேயாதா சார்?" என்றார் பாய்.

"கொஞ்சமாகத்தான் தேயும்."

பாய் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "ஆயில் மாத்துறது இல்ல. பிளக்கு இல்ல. கிளச்சுத் தட்டு இல்ல. சைலன்ஸர் இல்ல. டைமிங் பெல்ட்டு இல்ல. இப்ப பிரேக்கும் போச்சு." ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய்விட்டார். அப்புறம் விருதுநகர் வரையில் ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எஞ்சின் சத்தம் இருந்திருந்தால் அந்த மௌனம் அத்தனை பெரிதாகத் தெரிந்திராது.

அவர் மனத்தை மாற்றலாம் என்று எனக்குத் தெரிந்த சரித்திரத்தை எடுத்துவிட்டேன். மின்சாரக் கார் ஒன்றும் நேற்றுப் பிறந்த குழந்தை அல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதல் தாண்டிய மோட்டாரே, 1899இல் ஜெனாட்ஸி என்கிற பெல்ஜியக்காரர் ஓட்டிய மின்சார வண்டிதான். 1900 வாக்கில் அமெரிக்க ரஸ்தாக்களில் ஓடிய மோட்டார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் காரை ஊருக்கெல்லாம் விற்ற ஹென்றி போர்டின் மனைவியே மின்சாரக் காரைத்தான் ஓட்டினாராம். பெட்ரோல் வண்டியைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்த காலம் அது. 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கை சுற்றும் சிரமம் போயிற்று. மின்சாரக் காரின் மவுசும் அதோடு சரியத் தொடங்கியது. மின்சாரக் காருக்கு எமனாக வந்தது ஒரு சிறிய மின்சார மோட்டார்! நம் தேசத்திலும் பெங்களூரில் 2001இலேயே ரேவா என்ற பொம்மை மாதிரியான கார் வந்துவிட்டது.

"எங்க வாப்பா ஒண்ணு சொல்லுவாரு சார்" என்றார் பாய், கடைசியில் வாய் திறந்து. "சண்டைக் காலத்துல பெட்ரோல் கெடைக்காம, பஸ்ஸுக்குப் பின்னாடி அடுப்புக்கரி போட்டு ஓட்டுனாங்களாம்."

உண்மைதான். டி. வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் தொழிலால் மோட்டார் ஊராக்கிய மதுரை அல்லவா இது? இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுக்கும் சாதனத்தை அந்தக் கம்பெனியே தயார் செய்தது. அதை இழுத்துக் கட்டிக்கொண்டு பஸ்கள் மூச்சு வாங்கியபடி ஓடியதை என் தகப்பனாரும் சொல்லியிருக்கிறார்.

"அந்தக் கரி அடுப்பையும் ஒரு மெக்கானிக்குத்தானே சார் பாத்திருப்பான்?" என்றார் பாய். கேள்வியாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் விசேஷம், சாப்பாடு எல்லாம் திவ்யமாக நடந்தன. ஒன்றுதான் நடக்கவில்லை. நண்பர் வீட்டுப் பிளக்கில் வண்டியைச் சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டில் எர்த் சரியில்லை. எர்த் இல்லாத இடத்தில் இந்த வண்டி ஒரு பொட்டு மின்சாரம்கூட உட்கொள்ளாது; அவ்வளவு ஆசாரம்! பரவாயில்லை, வழியில் சார்ஜ் நிலையம் இருக்கிறது என்று போன் காட்டிற்று. பாட்டரியில் மீதி இருந்தது 45 சதவீதம்.

சாத்தூரை நெருங்கியபோது அந்த நிலையத்தைக் கண்டுபிடித்தோம். இருந்தது. ஆனால் திரை இருண்டு கிடந்தது. அது யாருடையது என்று சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன பிரயோஜனம்? மதுரைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். பாட்டரியிலோ 32. குளிர்சாதனத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன். கரிசல் காட்டு மாலைக் காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் வந்தது. ஐம்பதுக்கு மேல் ஓட்டவில்லை. மாட்டு வண்டிகள் எங்களை முந்தவில்லை என்பதே ஆறுதல். பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கேன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் வாங்கிவரலாம். மின்சாரத்தை எந்தக் கேனில் வாங்குவது?

சாத்தூர் தாண்டி ஓர் ஊர். சாலைக்குச் சற்று உள்ளே ஒரு மாவு மில். "அங்க திருப்புங்க சார், மோட்டார் ஓடுற எடத்துல எர்த்து இருக்கும்" என்றார் பாய்.

மில்லை நடத்துகிற அம்மாள் தலையெல்லாம் மாவாக வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கரண்டுதானய்யா, போட்டுக்கோங்க" என்றாள். போட்டோம். மறுபடியும் சிவப்பு விளக்கு. என் உற்சாகம் அத்தனையும் வடிந்து, ராத்திரி அந்த மில்லில்தான் படுக்கை என்று முடிவு செய்துவிட்டேன்.

பாய் மில்லைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போனார். எர்த் குழியைக் கண்டுபிடித்தார். ஆனி வெயிலில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "தாயி, ரெண்டு குடம் தண்ணியும் ஒரு கை உப்பும் தர்றீங்களா?" என்றார். உப்பைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. ஈர மண் ஏற்கும். இது எந்தப் புதுக் கம்பெனியும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததல்ல. திரும்பி வந்து பார்த்தால் விளக்கு பச்சையாகியிருந்தது!

இரண்டு மணி நேரம் மில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மணிக்கு மூன்று யூனிட் வீதம் வண்டி குடித்தது. ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் போகலாம். அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். கயத்தாற்றுக் காற்றாடியாக இருக்கலாம். கமுதி வெயிலாக இருக்கலாம். 1979 முதல் ஓடுகிற தூத்துக்குடி அனல் நிலையத்தின் நிலக்கரியாகவும் இருக்கலாம். புகை என் வண்டியின் பின்னால் இல்லை என்பதற்காக எங்குமே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொள்ள முடியாது. ஆனால் காற்றாடிகள் பெருகப் பெருக என் வண்டி தானாகவே சுத்தமாகிவிடும். என் அம்பாஸடருக்கு அந்தப் பாக்கியம் கடைசி வரையில் கிடைக்கவில்லை.

அந்த அம்மாள் காசு வாங்க மறுத்தாள். பாய்தான், "தண்ணி குடுத்தா வாங்க வேணாம் தாயி, இது மில்லு பில்லுல ஏறும்" என்று ஐம்பது ரூபாயை எண்ணெய்ச் செக்கின்மேல் வைத்துவிட்டு வந்தார்.

புறப்படும்போதுதான் அது நடந்தது. பொழுது சாய்ந்து மங்கலாக இருந்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். "நிறுத்துங்க!" என்று பாய் அலறினார். மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், வண்டிக்கு ஒரு சாண் தூரத்தில், தலையில் தவிட்டு மூட்டையோடு ஒரு கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் கை நடுங்கிற்று.

கொஞ்ச தூரம் வந்த பிறகு பாய் சொன்னார்: "நான் காத நம்பிப் பொழச்சவன் சார். ரோட்டுல நடக்குற சனமும் காத நம்பித்தான நடக்குது?"

ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல், விற்பனைக்கு வரும் புதிய மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது ஏதாவது ஓர் ஓசை எழுப்பியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பார்வையற்றவர்கள் போராடிப் பெற்ற நியாயம் அது. ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டம் கடல் தாண்டி வந்திருக்கவில்லை; அது வருகிற வரையில் அந்தக் கிழவர் நடக்காமல் இருப்பாரா?

கப்பலூர்ச் சுங்கச்சாவடியை நெருங்கும்போது பாய் சட்டென்று கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷமாக நான் பார்த்த அதே முகம். "இடது பின் சக்கரம். எதோ உக்காந்திருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தோம். டயரில் ஓர் ஆணி தலை மட்டும் தெரியப் புதைந்திருந்தது. ரப்பரைத் துளைத்து இன்னும் காற்றை எட்டவில்லை.

"எஞ்சின் சத்தம் இருந்தா இது கேட்டிருக்காது சார்" என்றார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது தீர்ப்பைச் சொன்னார். "பயல உக்கார வைக்கலாம். ஆனா மொதல்ல ஐ.டி.ஐ.யில கரண்டு படிக்கட்டும். அந்த ஆரஞ்சு ஒயரத் தொட எனக்கு இந்த வயசுல தைரியம் இல்ல. அவன் தொடட்டும். நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்." சொல்லிவிட்டு, அந்தக் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதில் சந்தோஷம் எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பையன் எலக்ட்ரீஷியன் வகுப்பில் சேர்ந்துவிட்டான். நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். சந்துகளிலும் கிராமத் தெருக்களிலும் நுழையும்போது ஜன்னலை இறக்கிக்கொண்டு, அந்தக் காலத்து வண்டிக்காரர்களைப்போல, "வண்டி வருது, ஓரம் போங்க தாயி!" என்று குரல் கொடுக்கிறேன். ஹாரன் அடித்தால் ஜனங்கள் திடுக்கிடுகிறார்கள். குரல் கொடுத்தால் திரும்பிப் பார்த்து விலகுகிறார்கள். சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கார், அதுவும் தெருவிலே!" என்கிறாள் என் மனைவி.