பிறர் மொழிக்கு மாணவராகுதல்

வேத வாசிப்பு: அப்போஸ்தலர் 2:1–13



சென்ற மாதம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, "ஐயா, உங்களுக்கு ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரியுமாமே, இறையியல் கல்லூரியில் கற்றீர்களா?" என்று கேட்டார். இல்லை, கல்லூரி நாட்களில் ஒரு வீடியோ கேம் விளையாடுவதற்காகக் கற்றேன் என்றேன். அனைவரும் சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய செய்திதான். ஆயினும் அந்தக் கல்வியின் வழியாகக் கர்த்தர் எனக்குக் காண்பித்த ஒரு காரியத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் சபைக்கு இன்று அது அவசியமானது என்று நம்புகிறேன்.

பெரியவர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். வீடியோ கேம் என்றாலே சுடுவதும் ஓடுவதும் என்று நாம் எண்ணுகிறோம். ஜப்பானில் உருவான பல விளையாட்டுகள் உண்மையில் கதைப் புத்தகங்களைப் போன்றவை. பாத்திரங்கள் பேசுவதெல்லாம் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் எழுத்தாகத் தோன்றும். வாசிக்கத் தெரியாதவனுக்குக் கதையும் இல்லை, செல்ல வேண்டிய வழியும் இல்லை. இப்படிப்பட்ட விளையாட்டுகளுள் பல வேறு மொழிகளில் வெளிவருவதில்லை. 1992-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி 5' ஆங்கிலத்தில் வர 1999 ஆயிற்று. 1995-இல் வெளிவந்த 'செய்கென் தென்செத்சு 3' என்னும் விளையாட்டுக்கு 2019 வரை, அதாவது இருபத்துநான்கு ஆண்டுகள், அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் இல்லை. 2006 ஏப்ரல் 20 அன்று 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவிக்காக நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட 'மதர் 3' ஜப்பானைவிட்டு வெளியே வரவே இல்லை. 2024-இல் அதை மீண்டும் வெளியிட்டபோதும் ஜப்பானுக்கு மட்டுமே வெளியிட்டார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தாய்மாமன் விடுமுறைக்கு வந்தபோது எனக்கு வாங்கி வந்த கேசட்டுகளுள் ஒன்று அந்த 'மதர் 3'. உறையில் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்ததால் உள்ளேயும் ஆங்கிலம் என்று அவர் நினைத்துவிட்டார். கருவியில் செருகினேன். இசை வந்தது, படம் வந்தது, பின்பு எழுத்துகள் வந்தன. ஒன்றும் விளங்கவில்லை.

மொழிபெயர்க்கப்படாத ஒன்றின்முன் நிற்கும் மனிதர்கள் பலவிதம். காத்திருப்பவர்கள் உண்டு. நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதுபவர்கள் உண்டு. இந்த விளையாட்டைப் பொறுத்தவரை, தாங்களே உழைத்துப் பிறருக்காக மொழிபெயர்த்தவர்களும் உண்டு. கிளைட் மாண்டலின் என்னும் மொழிபெயர்ப்பாளரோடு சேர்ந்து சில ஆர்வலர்கள் 2008 அக்டோபரில் அதன் ஆங்கில வடிவத்தை இலவசமாகவே வெளியிட்டார்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள். 'அது என் மொழிக்கு வராவிட்டால் நான் அதன் மொழிக்குப் போகிறேன்' என்று எழுத்துப் பயிற்சி ஏட்டைத் திறப்பவர்கள் அவர்கள். உலகெங்கும் இப்படி ஜப்பானிய மொழி கற்றவர்கள் பலர் உண்டு. நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

ஜப்பானிய மொழியில் ஹிராகானா என்று 46 அடிப்படை எழுத்துகள், கத்தகானா என்று அதே ஒலிகளுக்கு வேறு 46 எழுத்துகள். இவற்றுக்கு மேல் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அந்நாட்டு அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. 'மதர் 3' விளையாட்டில் காஞ்சி இல்லை. அதனால் எளிது என்று மகிழ்ந்தேன். சில நாட்களில் அதுவே கடினம் என்று அறிந்தேன். 'ஹனா' என்றால் பூ, 'ஹனா' என்றால் மூக்கு. காஞ்சியில் எழுதினால் இரண்டும் வேறு வேறு. ஹிராகானாவில் எழுதினால் இரண்டும் ஒன்றே. முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இருபது வயது இளைஞன் முதலாம் வகுப்புப் பிள்ளையைப் போல விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். திரையில் தோன்றிய ஒரு கட்டத்தை வாசித்து முடிக்க அரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

தமிழனுக்கு அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. 'நான் நேற்றுக் கடையில் புத்தகம் வாங்கினேன்' என்பதை ஜப்பானியர் 'வாதாஷி வா கினோ மிசே தே ஹோன் ஓ காய்மாஷ்தா' என்பார்கள். நான், நேற்று, கடை, இல், புத்தகம், ஐ, வாங்கினேன் என்று சொற்கள் நம் வரிசையிலேயே நிற்கின்றன. வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னே வைப்பதும், வினையைக் கடைசியில் வைப்பதும் நம்மைப் போலவே. நாம் 'போகிறீர்களா' என்று 'ஆ' சேர்த்துக் கேட்பதுபோல் அவர்கள் இறுதியில் 'கா' சேர்த்துக் கேட்கிறார்கள். அந்நியன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தால் நம் வீட்டு அடுப்பங்கரையைப் போலவே ஒன்று இருக்கக் கண்டதுபோல் இருந்தது. தூரத்தில் நின்றவரை எனக்கு அது தெரியவில்லை. அருகில் போனபின்தான் தெரிந்தது.

அந்தக் கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எழுதியவர் ஷிகெசாத்தோ இதோய் என்னும் ஜப்பானிய எழுத்தாளர். ஒரு சிற்றூரில் கதை தொடங்குகிறது. அங்கே பணம் என்பதே இல்லை. கடைக்குப் போனால் வேண்டிய பொருளைக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வீட்டில் துன்பம் என்றால் ஊரே விளக்கோடு வெளியே வரும். முதல் அதிகாரத்திலேயே இரண்டு சிறுவர்களின் தாய் மரித்துவிடுகிறாள். பின்பு அவ்வூருக்கு ஒரு வியாபாரி வருகிறான். பணத்தையும், 'மகிழ்ச்சிப் பெட்டி' என்னும் ஒன்றையும் கொண்டுவருகிறான். ஊர் மெல்ல மெல்ல மாறுகிறது. வீடுகள் பெரிதாகின்றன, அயலார் அந்நியராகின்றனர். அந்த வியாபாரிக்கு ஆங்கில வடிவத்தில் 'ஃபசாட்' என்று பெயர். ஜப்பானிய மூலத்தில் அவன் பெயர் 'யோகுபா'. 'யோகுபாரி' என்றால் ஜப்பானிய மொழியில் பேராசைக்காரன். அகராதியில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த ஊரார் தங்கள் வாயாலேயே அவனைப் பேராசையின் பெயர் சொல்லி அழைத்து, வீட்டுக்குள் வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்! விசுவாசிகள் சகலத்தையும் பொதுவாய் வைத்து அனுபவித்த ஆதித் திருச்சபையையும், அதன் நடுவே புகுந்த அனனியாவின் காணியாட்சிப் பணத்தையும் நினைத்துக்கொண்டேன்.

ஆங்கில வடிவம் வந்தபோது நான் பாதிக் கதையைக் கடந்திருந்தேன். அது மிக நேர்த்தியான மொழிபெயர்ப்பு என்று பலரும் சொன்னார்கள். ஆயினும் மீதியையும் ஜப்பானிய மொழியிலேயே வாசித்து முடித்தேன். இத்தனை உழைப்பும் ஏன் பாரமாகத் தெரியவில்லை என்று பின்னாளில் யோசித்தபோது யாக்கோபுதான் நினைவுக்கு வந்தார். ராகேலுக்காக அவர் ஏழாண்டு உழைத்தார். நேசம் அந்த ஆண்டுகளைச் சுருக்கிவிட்டது என்று ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தில் அறிகிறோம். ஒன்றை நேசிக்கிறவன் அதன் மொழியைக் கற்பதைச் செலவாகக் கணக்கிடுவதில்லை. எனக்குத் தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, உத்தியோகமும் இல்லை. கதையின் உள்ளே போக வேண்டும் என்ற வாஞ்சை மட்டும் இருந்தது.

மொழிபெயர்ப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் கையிலிருக்கும் வேதாகமமே மொழிபெயர்ப்புதான். ஆனால் ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் பின்னாலும் யாரோ ஒருவர் முதலில் மாணவராக அமர்ந்திருக்கிறார். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் 'அ, ஆ' எழுதியதை நீங்கள் அறிவீர்கள். ஜப்பானிய வேதாகமத்தின் தொடக்கமும் அப்படிப்பட்டதே.

1832-இல் ஜப்பானியச் சரக்குக் கப்பல் ஒன்று புயலில் சிக்கியது. பதினான்கு மாதங்கள் பசிபிக் கடலில் திசையின்றி அலைந்து, வட அமெரிக்கக் கரையில் ஒதுங்கியபோது மூன்று மாலுமிகளே உயிரோடிருந்தார்கள்: இவாகிச்சி, கியூகிச்சி, ஒதோகிச்சி. லண்டன் வழியாக அவர்கள் மக்காவ் நகரம் வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்த ஜெர்மானிய மிஷனரி கார்ல் குட்ஸ்லாஃப் அவர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவர்களுக்கு உபதேசிக்கும் முன்னே அவர்களிடம் மொழி கற்றார். வீடிழந்த மாலுமிகள் ஆசிரியர்கள், கல்விமானாகிய மிஷனரி மாணவர். அப்படி உருவான யோவான் சுவிசேஷம் 1837-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அதன் முதல் அதிகாரத்தில், நாம் 'வார்த்தை' என்று வாசிக்கும் இடத்தில் அவர்கள் 'கஷிகோய் மோனோ' என்று வைத்தார்கள். 'ஞானமுள்ளவர்' என்பது அதன் பொருள். பின்வந்த மொழிபெயர்ப்பாளர்கள் அதை மாற்றி, சொல் என்று பொருள்படும் 'கொதோபா' என்று வைத்தார்கள். ஆனாலும் மாலுமிகளும் ஒரு மிஷனரியும் சேர்ந்து கண்டெடுத்த அந்தச் சொல்லை நான் பெரிதும் நேசிக்கிறேன். நித்திய வார்த்தையானவரை, பாமரரின் பேச்சில் 'ஒருவர்' என்று அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

அதே 1837-இல் அம்மூவரையும் தாயகத்தில் சேர்க்க ஒரு கப்பல் புறப்பட்டது. அந்நியக் கப்பல்களுக்கு அந்நாடு அன்று கதவடைத்திருந்தது; கரையிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள், கப்பல் திரும்பிவிட்டது. மாலுமிகள் வீடு சேரவில்லை. அவர்கள் கற்றுக்கொடுத்த மொழியோ அச்சாகி நிலைத்தது.

பிரியமானவர்களே, வார்த்தையானவர் மாம்சமானார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். அதன் பொருளில் ஒரு பகுதி இதுவும்: சகலத்தையும் சொல்லால் உண்டாக்கினவர், நாசரேத்தூரில் ஒரு தாயின் மடியில் அமர்ந்து அவளுடைய மொழியை ஒவ்வொரு சொல்லாகக் கற்றார். நாம் பரலோகத்தின் மொழியைக் கற்று வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

நம் மாலை ஆராதனையில் பின்வரிசையில் ஒடிசாவைச் சேர்ந்த சகோதரர்கள் ஏழெட்டுப் பேர் அமர்கிறார்கள். நூல் ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைத்துவிட்டு வருகிறார்கள். பாடல் வேளையில் கைதட்டுகிறார்கள். பிரசங்கம் தொடங்கியதும் தலை கவிழ்ந்து அமைதியாகிறார்கள். அவர்களுள் ஒருவருடைய தகப்பனார் ஊரில் காலமான செய்தி வந்த நாளில், நாம் அவரைச் சூழ்ந்து நின்று தமிழில் ஜெபித்தோம். முடிவில் அவர் 'ஆமென்' என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர, அவருக்கும் நமக்கும் பொதுவான சொல் அன்று ஒன்றும் இல்லை.

அவர் தமிழ் கற்கட்டும் என்று சொல்லலாம். கற்றுக்கொண்டுதான் இருக்கிறார், வேலைக்கு அது வேண்டும். ஆனால் துக்கத்தில் இருக்கும் மனிதன் தன் தாயின் மொழியில் தேறுதல் கேட்க ஏங்குகிறான். பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியானவர் எருசலேமில் கூடியிருந்த எல்லாரையும் ஒரே மொழி பேசும்படி மாற்றவில்லை. பேசுகிறவர்களுடைய நாவைத்தான் மாற்றினார்.

ஆகவே இந்த மாதம் முதல் சனிக்கிழமை மாலைகளில் ஒடியா கற்கத் தொடங்கியிருக்கிறேன். கற்பிப்பவர் தகப்பனை இழந்த அதே சகோதரர். ஓலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் ஒடியா எழுத்துகள் வளைவாக அமைந்தன என்பர். நம் முன்னோரும் ஓலையில் எழுதியவர்கள்தானே! என் 'க' வளைவு சரியில்லை என்று அவர் கரும்பலகையில் இருமுறை அழித்துக் காட்டினார். பின்வரிசையில் தலை கவிழ்ந்து அமரும் மனிதர், சுண்ணாம்புக்கட்டியோடு நிமிர்ந்து நிற்பதை அன்றுதான் கண்டேன். அந்த அறையில் இன்னும் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வாலிபரே, உங்களுள் சிலர் திரைக்கதைகளுக்காகக் கொரிய மொழியும், விளையாட்டுகளுக்காக ஜப்பானிய மொழியும் கற்கிறீர்கள் என்று அறிவேன். உங்களை நான் கடிந்துகொள்ளவில்லை. கற்கும் வாஞ்சை உங்களுக்கு ஏற்கெனவே அருளப்பட்டிருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் மொழியைக் கற்று எங்களிடத்தில் வந்த ஆண்டவரே, எங்கள் அருகில் அமர்ந்திருந்தும் எங்களால் விளங்கிக்கொள்ளப்படாத சகோதரருக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்களிடத்தில் மாணவராக அமரும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். அவர்கள் துக்கத்தில் எங்கள் நாவில் அவர்களுடைய சொல் இருக்கும்படி கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.